மிடில்மார்ச்சும் ஸ்டாம்ஃபர்டின் கற்களும்

ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' (1871–72) நாவலை பி.பி.சி. 1994ல் ஆறு பகுதிகளாக டெலிவிஷனுக்கு எடுத்தது. எழுதியவர் ஆண்ட்ரூ டேவிஸ், இயக்கியவர் அந்தனி பேஜ். மிடில்மார்ச்சுக்குப் பதிலாகப் படத்தில் நிற்பது லிங்கன்ஷயரின் பழைய சந்தை ஊரான ஸ்டாம்ஃபர்ட். தொடரைப் பார்த்த நண்பர்கள் இருவர் ஊர் அச்சு அசலாக இருக்கிறது என்றார்கள். எனக்குத் தகராறு அங்கேதான்.

நாவலின் ஊருக்கு மூலம் கவென்ட்ரி என்பது பொதுவான அபிப்பிராயம். ரிப்பன் நெசவு ஊர். 1841 முதல் 1849 வரை எலியட் அங்கே வாழ்ந்தார். அதன் நடுப்பகுதி 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானியக் குண்டுவீச்சில் அழிந்தது. ஸ்டாம்ஃபர்ட் தப்பியது வேறு விதத்தில். லண்டனிலிருந்து யார்க் போகும் பிரதான ரயில்பாதை 1850களில் பீட்டர்பரோ வழியாகப் போய்விட்டது. கோச்சு வண்டிகள் தங்கிப்போன ஊருக்குக் கிளைப்பாதைதான் கிடைத்தது. ஊர் பெரிதாக வளரவில்லை. சுண்ணாம்புக்கல் வீடுகளை இடிக்கிற அவசியமும் அதிகம் வரவில்லை. 1967ல் அந்த நாட்டின் முதல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள்.

நாவல் நடப்பது 1829–32ல், சீர்திருத்த மசோதாவின் காலம். ரயிலுக்காக நிலம் அளக்க வருகிறவர்களைக் கூலியாட்கள் வைக்கோல் கவைகளோடு விரட்டுகிறார்கள். ரயில் வரப்போகிற ஊரின் கதையை, ரயில் ஒதுங்கிப் போனதால் மிஞ்சிய ஊரில் எடுத்திருக்கிறார்கள். பொருத்தமான இடம் வேறு கிடைத்திராது என்பதும் உண்மைதான். ஆனால் கலைந்துகொண்டிருக்கும் ஒரு சமூகம் திரையில் அசையாத கல்லாகி, பார்க்க அழகாகிவிடுகிறது.

எலியட் இந்த ஊரின் வீட்டு முகப்புகளை அதிகம் வர்ணிப்பதில்லை. ஊரை அவர் கட்டுவது கடனாலும் பேச்சாலும். ஃப்ரெட் வின்ஸியின் 160 பவுண்டு கடனுக்கு கேலப் கார்த் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். பையனின் தொழிற்பயிற்சிக்காக அவர் மனைவி சேர்த்துவைத்த 92 பவுண்டு அதில் போகிறது. பாங்கில் தினமும் ஜாமீன் பத்திரங்களைப் புரட்டுகிற எனக்கு, தெருவையும் சந்தையையும்விட இந்த 92 பவுண்டுதான் மிடில்மார்ச்.

பாங்கர் புல்ஸ்ட்ரோடின் வீழ்ச்சியைப் பாருங்கள். குதிரைத் தரகன் பாம்பிரிட்ஜ் கிரீன் டிராகன் விடுதி வாசலில் அவருடைய பழைய கதையை அவிழ்க்கிறான். அது வக்கீல் ஹாலியிடம் போகிறது, மிஸஸ் டாலப்பின் சாராயக்கடையில் ருசு ஆகிவிடுகிறது. பிறகு டவுன்ஹால் கூட்டம். தள்ளாடி எழுகிற புல்ஸ்ட்ரோடுக்கு டாக்டர் லிட்கேட் கைகொடுத்து வெளியே அழைத்துப்போகிறான். அவரிடம் ஆயிரம் பவுண்டு வாங்கியிருக்கிறவன். இந்தக் கை ஊர்க்கண்ணில் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும் என்று தெரிந்தே கொடுக்கிறான். அந்தத் தெரிதலை எந்தச் சுவரில் காட்டுவது? காமிராவுக்கு இரண்டு பேர் நடந்துபோவதுதான் அகப்படும்.

நடிகர்களைக் குறை சொல்லமாட்டேன். பாட்ரிக் மாலஹைடின் கஸாபன், நாவலின் சில பக்கங்களை எனக்கு மறுபடி திறந்துவைத்தார். ஒரு மனிதனை நடிகன் தரமுடிகிறது. ஊரைத்தான் யாராலும் நடிக்க முடியவில்லை; அதற்குப் பதில் கட்டிடங்களைக் காட்டுகிறார்கள். அந்தக் கட்டிடங்களுக்கும் எலியட்டிடம் தனி விசுவாசம் ஒன்றுமில்லை. 2005ல் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' சினிமாவுக்கு அதே ஸ்டாம்ஃபர்ட் ஜேன் ஆஸ்டினின் மெரிட்டனாக நின்றது.