கொடைக்கானல் வோன்ட் – ஓர் எதிர்ப்புப் பாடலின் மதிப்பீடு

'கொடைக்கானல் வோன்ட்' என்பது 2015 ஜூலை 30 அன்று யூடியூபில் வெளியான ஆங்கில ராப் பாடல். சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் எழுதிப் பாடியது. காணொளியை இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். கொடைக்கானலில் இயங்கி மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரச மாசுக்கு யூனிலீவர் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்பதே பாடலின் கோரிக்கை. 'கொடைக்கானல் விட்டுக்கொடுக்காது' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 2018இல் இதன் தொடர்ச்சியாக 'கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்' வெளிவந்தது. அதில் சோபியாவுடன் கருநாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் பங்கேற்றனர்.

இவ்விரு பாடல்களைப் பற்றியும் செய்தியாக நிறைய எழுதப்பட்டுவிட்டது. இவை பாடல்களாக எப்படி நிற்கின்றன, எங்கே வலுவாக இருக்கின்றன, எங்கே குறைகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னணி

தொழிற்சாலையின் கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது அவசியம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை, 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. பாண்ட்ஸ் நிறுவனத்தின் அந்த ஆலை, 1987இல் யூனிலீவரின் இந்தியக் கிளையான இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. ஆலை அமைந்த இடம் பாம்பார் சோலையின் விளிம்பு. அங்கிருந்து இறங்கும் நீர்தான் பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரை அருவியாக விழுகிறது. ஆகவே இது மலையூரின் பிரச்சினை மட்டுமன்று. கீழே உள்ள சமவெளியின் பிரச்சினையும் ஆகும்.

2001இல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் கண்டறியப்பட்டது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் உள்ளூர் மக்களும் போராடினர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீன்களிலும் பாதரசம் இருப்பதை இந்திய அறிவியலாளர்களின் ஆய்வுகள் காட்டின. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். ஆலையில் வேலை செய்ததால் தொழிலாளர்களின் உடல்நலம் கெடவில்லை என்பதே நிறுவனம் தொடர்ந்து சொல்லிவந்த நிலைப்பாடு.

பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும் உலோகம். அந்த ஆவிக்கு நிறமும் மணமும் கிடையாது. மூச்சோடு உள்ளே போய் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகங்களையும் தாக்கும். நீர்நிலைகளில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீன்களில் சேர்ந்து, உண்பவர் உடலுக்கு வரும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் கண்டறியப்பட்ட நோய் இந்த வகையைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஆபத்தைக் காதுக்குத் தெரியவைப்பதுதான் பாடலாசிரியர் முன் இருந்த வேலை.

இரவல் மெட்டு

முதல் பாடலுக்குச் சொந்த மெட்டு கிடையாது. அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜ் 2014இல் வெளியிட்ட 'அனகோண்டா' பாடலின் தாளத்தின் மேல் புதிய சொற்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன. அனகோண்டாவும் சுயம்பு அன்று. 1992இல் வந்த சர் மிக்ஸ்-அ-லாட்டின் பாடலிலிருந்து எடுத்தாண்டது. இரவல் வாங்கியதை மீண்டும் இரவல் வாங்கியது கற்பனை வறட்சி என்று சிலருக்குத் தோன்றலாம். தமிழ் மரபு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

வர்ணமெட்டு என்று நாம் சொல்வது இதைத்தான். ஊருக்குத் தெரிந்த மெட்டில் ஊருக்குத் தெரியாத செய்தியைச் சொல்வது நம்மிடம் நெடுநாள் வழக்கம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பாடும் பாடல்களில் பழகிய மெட்டுகளைக் கேட்கலாம். விடுதலைப் போராட்டக் காலத்தில் மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோரின் பாடல்கள் நாடக மேடை வழியாக மக்களிடம் போய்ச் சேர்ந்தன. வெள்ளம், பஞ்சம், ரயில் விபத்து, கொலை என எது நடந்தாலும் சில பக்கச் சிறு நூலாகச் சிந்து பாடி அச்சிட்டுச் சந்தையில் விற்ற குஜிலிப் பாடல்கள் இருந்தன. அவற்றுக்கும் மெட்டு பெரும்பாலும் ஏற்கெனவே பிரபலமான ஒன்றுதான். படிப்பவர் முதல் வரியிலேயே பாடத் தொடங்கிவிட வேண்டும் என்பதே கணக்கு.

சோபியாவின் பாடல் இணையக் காலத்தின் குஜிலிப் பாடல். உலகெங்கும் இளைஞர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டை எடுத்ததால் கேட்பவரின் காது எதிர்ப்பின்றித் திறந்தது. உல்லாசப் பாட்டை எதிர்பார்த்து வந்தவர் கழிவு, நோய், இழப்பீடு என்ற சொற்களைக் கேட்டுத் திடுக்கிடுகிறார். மெட்டுக்கும் பொருளுக்கும் இடையிலான இந்த முரண்தான் பாடலின் முதல் வெற்றி. மூலப் பாடலைப் பாடிய நிக்கி மினாஜே இதைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தது அந்த வெற்றிக்குச் சான்று.

இரவல் மெட்டுக்கு ஒரு விலையும் உண்டு. மெட்டின் மவுசு குறையும்போது பாட்டின் வேகமும் குறையும். 2015இல் சிரிப்பையும் சினத்தையும் ஒருங்கே எழுப்பிய தாளம், மூலப் பாடலை அறியாத இன்றைய மாணவருக்கு வெறும் துள்ளல் தாளமாகவே கேட்கும். பகடி புரிய மூலம் தெரிந்திருக்க வேண்டும்.

யாரிடம் பேசுகிறது?

பாடல் ஆங்கிலத்தில் இருப்பது பலரும் சொன்ன குறை. கொடைக்கானலின் தொழிலாளி தமிழர். அவருடைய துயரத்தை அவர் பேசாத மொழியில் பாடலாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் பாடல் தொழிலாளியிடம் பேசவில்லை, அவர் சார்பாக நிறுவனத்திடம் பேசுகிறது. லண்டனிலும் ராட்டர்டாமிலும் தலைமையகம் வைத்திருந்த நிறுவனத்துக்கு எழுதப்பட்ட மனு அது. அப்போதைய தலைமை நிர்வாகி பால் போல்மன் சமூக ஊடகத்தில் பதில் சொல்ல நேர்ந்தது. மனு உரிய முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த அளவில் மொழித் தேர்வு சரியே.

குரல் யாருடையது என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. இங்கே பிரிட்டனின் தொழில் நகர இசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். பர்மிங்காமில் 1965இல் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற இளைஞரின் வலக்கை விரல் நுனிகள் இரண்டு எந்திரத்தில் சிக்கித் துண்டாயின. அவர் இடக்கைப் பழக்கத்தவர். கிதார் தந்திகளை அழுத்துவது வலக்கை. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டு, அழுத்த எளிதான மெல்லிய தந்திகளைக் கட்டி, பிற்பாடு சுருதியையும் தாழ்த்தி வாசித்தார். 1970இல் வெளிவந்த 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் தொகுப்பின் கனத்த ஒலியில் அந்த விபத்துக்கும் பங்கு உண்டு. ஹெவி மெட்டல் வளர்ந்ததும், பின்னர் ஹார்ட்கோர் பங்க்குடன் கலந்து இன்றைய இளம் பிரிட்டிஷ் குழுக்கள் வாசிக்கும் மெட்டல்கோர் ஆனதும் அந்த வேரிலிருந்தே. அங்கே காயம் பட்ட கையே கிதாரைப் பிடித்தது.

கொடைக்கானல் பாடலில் அப்படி இல்லை. காயம் பட்டவர் வேறு, பாடுபவர் வேறு. சோபியா இதை மறைக்கவில்லை. தொழிலாளி வேடம் போட்டுக்கொள்ளாமல், கேள்வி கேட்கும் குடிமகளாகவே நிற்கிறார். அது நேர்மை. ஆயினும் ஆலைக்குள் ஒரு நாள் எப்படிக் கழிந்தது, பாதரசம் தரையில் எப்படி உருண்டது, வேலை உடையோடு வீடு திரும்பியவரின் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்ற அனுபவத் தகவல்கள் இப்பாடலில் குறைவு. குற்றச்சாட்டு கூர்மையாக இருக்கிறது. வாழ்க்கை மங்கலாக இருக்கிறது. ஒரு தொழிலாளியின் ஒரே ஒரு நாள் பாட்டுக்குள் வந்திருந்தால் அதன் ஆயுள் கூடியிருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. பாடலின் விரல் நிறுவனத்தை நோக்கியே நீள்கிறது. சோலைக்காட்டின் ஓரத்தில் இப்படிப்பட்ட ஆலைக்கு அனுமதி தந்தது யார், ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கத் தவறியது யார் என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. மூன்று நிமிடப் பாட்டில் எல்லாவற்றையும் சொல்ல முடியாதுதான். என்றாலும் கேட்பவர் ஓர் எதிரியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் அபாயம் இருக்கிறது.

இரண்டாம் பாடல்

முதல் பாடலின் போதாமைகளில் சிலவற்றை 2018இன் பாடல் நிரப்ப முயல்கிறது. இதில் தமிழ் வருகிறது, கருநாடகக் குரல் வருகிறது, ராப்பும் தொடர்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி 2017இல் வந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' கிருஷ்ணாவுக்கு இவ்வகையில் முன் அனுபவம். கபேர் வாசுகியின் சொற்களை ராகமாலிகையாகப் பாடிய அந்தப் படைப்பையும் இயக்கியவர் ரதீந்திரனே.

இரண்டாம் பாடலின் வாதம் நுட்பமானது. ஆலை மண்ணை எந்த அளவுக்குத் தூய்மை செய்ய வேண்டும் என்பதே சர்ச்சை. இங்கே ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவுகோல் ஏற்கப்பட்டது. பிரிட்டனில் குடியிருப்பு மண்ணுக்கு 1 மில்லிகிராம் அளவு பேசப்படும்போது இங்கே ஏன் இருபது மடங்கு என்று போராட்டக்காரர்கள் கேட்டனர். ஒரே நிறுவனம், இரண்டு அளவுகோல். இதைச் சூழல் இனவெறி என்று அவர்கள் பெயரிட்டனர். மில்லிகிராம் கணக்கைப் பாட்டாக்குவது எளிதன்று. வழக்கறிஞரும் வேதியியலாரும் பேசும் ஒரு எண்ணை, அவமதிப்பு என்ற உணர்வாக மாற்றியதில் இப்பாடல் முதலாவதைவிட முதிர்ச்சி காட்டுகிறது.

ஆனால் தாக்கத்தில் அது முதல் பாடலை எட்டவில்லை. முதலாவது சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. இரண்டாவதுக்கு அந்த அலை எழவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. முதல் பாடலில் ஒரே குரல், ஒரே மெட்டு, ஒரே கோரிக்கை. இரண்டாவதில் குரல்கள் பல, இசை வகைகள் பல. ஒவ்வொன்றும் மற்றதற்கு இடம் விடக் காத்திருக்கிறது. கருநாடகக் குரலின் நிதானமும் ராப்பின் அவசரமும் அருகருகே நிற்கின்றன. ஒன்றையொன்று முழுமையாகத் தொடவில்லை.

பாடல் என்ன சாதித்தது?

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் தரப்படும் தொகை என்று நிறுவனம் அதைக் குறிப்பிட்டது. பாடல் வந்து எட்டே மாதங்கள் ஆகியிருந்தன. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா இது? அப்படி ஒதுக்கிவிட முடியாது. பாடலோடு இணைந்த இணைய மனுவும் உலக ஊடகங்களின் கவனமும் நெருக்கடி தந்தன. பாட்டே பழத்தை உதிர்த்தது என்றும் சொல்லக் கூடாது. பதினைந்து ஆண்டுகள் நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் அலைந்த தொழிலாளர்களின் பொறுமை அதன் அடியில் இருக்கிறது. பாடலை மட்டும் கொண்டாடுவது அவர்களுக்கு இழைக்கும் இன்னொரு அநீதி.

பாடலின் நிலையான சாதனை வேறொன்று என்று கருதுகிறேன். தமிழ் சினிமா நமக்குக் காட்டிய கொடைக்கானல் பனிமூட்டமும் காதலர்களும் நிறைந்தது. 'குணா' (1991) படத்துக்குப் பிறகு ஒரு குகையே படத்தின் பெயரைப் பெற்றுச் சுற்றுலாத் தலமானது. 2018இல் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியைப் பார்க்கவும் கூட்டம் மலையேறியது. அந்த மலையில் ஆலை இருந்தது, அங்கே வேலை பார்த்து நோயுற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தக் கூட்டத்தில் பலர் ஒரு ராப் பாடலின் வழியாகவே முதன்முதலில் அறிந்தனர்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலில் சொற்களைக் கவனியுங்கள். பிறகு சொற்களை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கவனியுங்கள். எது நினைவில் தங்குகிறது, எது யோசிக்கவைக்கிறது என்று தனித்தனியே எழுதிப் பாருங்கள். அதன்பின், ஆலையில் வேலை பார்த்த ஒருவரோ அவருடைய பிள்ளையோ தம் மொழியில், தம் மெட்டில் பாடினால் அந்தப் பாட்டு எதைப் பற்றித் தொடங்கும் என்று யோசியுங்கள். அந்த மூன்றாவது பாடலுக்கு இன்னும் இடம் இருக்கிறது.