அமர்வு முடியலாம், உழைப்பு அழியலாமா?

மணவூரிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்கு வந்து, வெளியூர் செல்லும் உறவினரை வழியனுப்ப சென்ட்ரல் நிலையத்துக்குள் நுழைகிறீர்கள். கையில் பிளாட்பாரம் டிக்கெட். அதன் ஆயுள் 2 மணி நேரம். வாங்கிய நேரமும் அதிலேயே அச்சாகியிருக்கும். வரம்பு உண்டு, அது நமக்குத் தெரிந்தும் இருக்கிறது.

இதே ரயில்வேயில் 2002 முதல் இணையவழி முன்பதிவும் உண்டு. பயணிகளின் பெயர், வயது எல்லாம் நிரப்பி அனுப்பும் வேளையில், அமர்வு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கண்டு திகைத்தவர்கள் பலர். கல்லூரி விண்ணப்பங்களிலும் இதே கதைதான். இது ஏன்?

இணையதளங்கள் இயங்கும் நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதிய ஆள்தான். இக்குறையைத் தீர்க்க, 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி 'குக்கி' என்னும் முறையை வகுத்தார். நீங்கள் கணக்கினுள் நுழைந்ததும், எவரும் ஊகிக்க முடியாத நீண்ட எண் ஒன்றை சர்வர் உங்கள் கணிப்பொறிக்குத் தருகிறது. பின்னர் ஒவ்வொரு முறையும் அவ்வெண்ணே உங்களை அடையாளம் காட்டுகிறது. நெடுநேரம் அது வராவிட்டால் சர்வர் அதைச் செல்லாததாக்கிவிடும். பொதுக் கணிப்பொறியில் ஒருவர் மூட மறந்த கணக்கை அடுத்தவர் கையாளாமல் காப்பது இந்த ஏற்பாடே. ஆகவே வரம்பு தேவைதான்.

பின் குறை எங்கே? சாதாரணப் படிவத்தில் நீங்கள் தட்டச்சு செய்வது சர்வருக்குத் தெரியாது. பொத்தானை அழுத்திய பிறகே செய்தி அங்கே போகிறது. அரை மணி நேரம் கருத்தாகப் படிவம் நிரப்பியவரும் அதன் கணக்கில் தூங்கியவரே! அமைப்பாளர் யோசித்து ஒரு வரம்பை வைக்காவிட்டால், மென்பொருளுடன் வரும் இயல்பு அளவே நிலைத்துவிடும். பி.எச்.பி. மொழியில் அது 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். டாம்கேட் சர்வரில் 30 நிமிடம். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தும் முதியவரை இந்த எண்கள் அறியா.

2008-இல் வெளியான வலை அணுகல் நெறிகள் இதற்கு வழி சொல்கின்றன. காலம் முடியுமுன் எச்சரித்து, எளிய செயல் ஒன்றால் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 வினாடி தருவது ஒரு வழி. இது அடிப்படை நிலையிலேயே உள்ளது. ஆனால், மீண்டும் நுழைந்தவர் நிரப்பிய விவரங்களை இழக்காமல் தொடர வேண்டும் என்ற விதியோ உச்ச நிலையில் வைக்கப்பட்டுள்ளது. பெரும்பாலான தளங்கள் அந்நிலையை எட்ட முயல்வதில்லை. நம் நாட்டுக்கு அதுவே முதல் விதியாக இருக்க வேண்டும்.

இது கடினமான வேலையுமன்று. நிரப்பிய விவரங்களை அவ்வப்போது சர்வருக்கு அனுப்பி, உரியவர் பெயரில் சேமித்தால் போதும். பொதுக் கணிப்பொறியில் தடயம் தங்காது. நாளை இணையதளம் அமைக்கப்போகும் மாணவர்களே, கதவைப் பூட்டுங்கள். உள்ளே வைத்த பொருளை மட்டும் வீசிவிடாதீர்கள்.