லினக்ஸ் கர்னலில் ஓய்வு நிலைப் பிழைகள்: ஒரு மதிப்பீடு

வேலை இல்லாத செயலியை மின்சாரம் குறைவாகச் செலவாகும் ஓய்வு நிலைக்கு அனுப்புவது இயங்குதளக் கர்னலின் பொறுப்பு. லினக்ஸில் இப்பணியைச் செய்வது ‘சிபியு ஐடில்’ என்னும் பகுதி. வெங்கடேஷ் பள்ளிப்பாடி, ஷாவ்ஹுவா லி, ஆடம் பிலே ஆகியோர் 2007இல் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் இதனை விளக்கிக் கட்டுரை அளித்தனர். எந்த ஓய்வு நிலை பொருந்தும் என்று ‘கவர்னர்’ கணிக்கிறது. செயலியை அந்நிலைக்குள் அனுப்புவது இயக்கி நிரல்.

சில செயலிகளில், ஆழ்ந்த ஓய்வு நிலையில் அவற்றின் சொந்த டைமரே நின்றுவிடும். எழுப்பும் பொறுப்பை வேறொரு டைமர் ஏற்க வேண்டும். அந்த ஏற்பாடு மறுக்கப்பட்ட பின்னும் செயலி உறங்கினால், உரிய நேரத்தில் விழிக்காமல் கணினி உறைந்துபோகலாம். ஆகவே, டைமர் நிற்காத ஆழம் குறைந்த நிலை ஒன்றைக் கர்னல் தேர்ந்துகொள்கிறது. 2015இல் வந்த இந்த முறை சரியானதே. சிறிது மின்சாரம் வீணானாலும் விழிப்பு தவறுவதில்லை.

குறை இருப்பது பதிவில். இயக்கி ஒரு நிலைக்குள் நுழைய இயலாமல் பிழை திருப்பினால் அதை எண்ணும் ‘ரிஜெக்டெட்’ கணக்கு 2020இல்தான் சேர்ந்தது. அது எண்ணிக்கையை மட்டுமே தருகிறது, காரணத்தைத் தருவதில்லை. மேலும், டைமர் மறுப்பால் நிலை மாறியது இக்கணக்கில் ஏறுவதில்லை. மாற்று நிலையில் நுழைந்தது வெற்றியாகவே பதிவாகிறது. உறக்கம் நீண்டுவிட்டால், இன்னும் ஆழமான நிலை பொருந்தியிருக்கும் என்று காட்டும் ‘பிலோ’ கணக்கு உயர்கிறது. கவர்னர் சரியாகக் கணித்திருந்தும் பழி அதன்மேல் விழுகிறது.

புதிய செயலிகளை உருவாக்குவோரை இது நேரடியாகப் பாதிக்கும். மயிலாப்பூருக்குத் தெற்கே, அடையாற்றுக்கு அப்பால் உள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘சக்தி’ செயலி 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. அது பின்பற்றும் ரிஸ்க்-வி வரையறையில், குறுக்கீடு வரும்வரை காத்திருக்கச் சொல்லும் ‘டபிள்யூ.எஃப்.ஐ.’ கட்டளை எதுவும் செய்யாமல் கடந்துபோகவும் இடமுண்டு. அவ்வாறு கடந்தாலும் கர்னலுக்குப் பிழை எதுவும் தெரியாது. ரிஸ்க்-வி செயலிகளை ஆழ்ந்த நிலைகளுக்கு அனுப்பும் இயக்கி 2022இல் லினக்ஸில் சேர்ந்தது. அதில் நிலைபொருளும் கோரிக்கையை மறுக்கலாம்.

மின்கலம் விரைவில் தீர்வதற்குக் காரணம் சில்லா, நிலைபொருளா, கவர்னரா என்று வடிவமைப்பாளர் அறிய இன்றைய கணக்குகள் போதா. மறுப்பின் காரணத்தையும் டைமரால் கைவிடப்பட்ட நிலையையும் தனித்தனியே பதிவதே இதற்குத் தீர்வு. பிழையைத் தாங்கிக்கொள்ளும் கர்னல் அதை மறைக்கத் தேவையில்லை.