மாசி ஊறும் நேரம்

நல்ல மாசிக் கருவாட்டைக் காதாலேயே தேர்ந்தெடுக்கலாம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று கேட்டால் உள்ளே ஈரம் நிற்கிறது. தூத்துக்குடி கருவாட்டுக் கடையில் என் ஆச்சி தட்டித் தட்டித்தான் வாங்குவாள். ஜப்பானியர்களும் மிசோ சூப்பின் சாற்றுக்கான கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீன்கட்டையை இப்படியே தட்டிக் கேட்டு வாங்குகிறார்கள் என்று படித்த நாளில் மிசோ சூப் எனக்கு அயலூர்ப் பண்டமாக இல்லாமல் போயிற்று.

மீனும் ஒன்றுதான்: வயிற்றில் நெடுக வரி ஓடும் சூரை. நம் பக்கம் அதை உப்புநீரில் அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் கட்டையாகக் காய வைத்தால் மாசி. மாலத்தீவின் திவேகி மொழியில் மீனுக்கே 'மஸ்' என்றுதான் பெயர். 14ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த பயணி இபின் பதூதா, அவித்துப் புகையூட்டிய இந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் கப்பலேறியதைக் குறித்து வைத்திருக்கிறார். காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணிகளைத் தூத்துக்குடியின் பழைய துறைமுகத்தில் பார்க்கும்போதெல்லாம் அந்த வரி எனக்கு நினைவுக்கு வரும்.

மாசியை உடைத்துப் பாருங்கள். மேலே கரி பூத்த கட்டை. உள்ளேயோ வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓரம் மாதுளை முத்தின் நிறத்தில் ஒளி விடும். அம்மியில் வைத்துக் குழவியால் நசுக்கும்போது முதலில் புகை மணக்கும், பிறகுதான் கடல்.

மிசோ சூப்புக்காக ஒரு கைப்பிடி நொறுக்கலை நான்கு குவளைத் தண்ணீரில் போட்டுச் சிறுதீயில் வைக்கிறேன். ஜப்பானிய வீடுகளில் இழை இழையாகச் சீவிப் போடுவதால் ஓரிரு நிமிடத்திலேயே சாரம் இறங்கிவிடும். நம் நொறுக்கலுக்குப் பத்து நிமிடமாவது வேண்டும். தண்ணீர் மெல்ல மெல்ல வைக்கோல் நிறத்துக்கு வரும். மேலே மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பும் தெரியும். உயர்ந்த ரகக் கட்சுவோபுஷியில் அது இராது. மாதக்கணக்கில் பூஞ்சணம் ஏற்றிக் காய வைக்கையில் அந்தப் பூஞ்சணமே கொழுப்பைத் தின்றுவிடுவதால் சாறு கண்ணாடியாய்த் தெளிந்திருக்கும். ஆனாலும் எனக்கு இந்தப் பளபளப்புப் பிடித்திருக்கிறது.

ஜப்பானியர்கள் இந்தச் சாற்றில் சேர்க்கும் 'கொம்பு' என்ற கடற்பாசி குளிர்கடலில் விளைவது. மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பில் முளைக்காது. அந்தப் பாசியின் சாற்றில் இருக்கும் குளுட்டமேட்டைத்தான் 1908இல் வேதியியலாளர் கிகுனே இகேதா பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். கட்சுவோபுஷியின் சுவைக்குக் காரணம் இனோசினேட் என்று 1913இல் அவருடைய மாணவர் கொடாமா கண்டார். இரண்டும் கூடினால் சுவை பல மடங்காகும். பாசி கிடைக்காவிட்டாலும் குறையில்லை. அவித்த சோயாவைக் கோஜிப் பூஞ்சணத்தோடும் உப்போடும் புளிக்க வைத்த மிசோவிலேயே குளுட்டமேட் ஏராளம். நாம் மாசியோடு தக்காளி சேர்ப்பதும் இந்தச் சேர்க்கைதான். தக்காளியிலும் குளுட்டமேட் உண்டு.

வடிகட்டிய சாற்றில் முருங்கைக்கீரையை உருவிப் போட்டு, வெந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதன் பிறகே மிசோ. கரண்டியில் கொஞ்சம் சாறு எடுத்து அதிலேயே குழைத்துக் கரைக்க வேண்டும். மாசியில் முன்பே உப்பு உண்டு. ஆகவே மிசோவில் கை சற்று அடங்கட்டும். கரைத்தபின் கொதிக்க விட்டால் மணம் பறந்துவிடும். ரசம் நுரை கூடியதும் இறக்கத் தெரிந்த கைக்கு இதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிண்ணத்தில் ஊற்றியதும் குடித்துவிடாதீர்கள். சற்று நேரத்தில் மிசோ மேகமாகத் திரளும். நடுவில் சூடு மேலெழ, ஓரத்தில் ஆறியது கீழிறங்க, அந்த மேகம் தானே குமிழ்ந்து, புரண்டு, பிரிந்து, மறுபடி கூடும். அதற்குள்ளே ஒரு முருங்கையிலை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.