கடாரத்துக்குப் போன வழி

நம்முடைய சரித்திர நாவலாசிரியர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நன்றிகெட்ட மனத்தாங்கல் என்று நீங்கள் சொன்னாலும் ஒப்புக்கொள்வேன். கல்கியையும் அகிலனையும் சாண்டில்யனையும் இரவல் வாங்கி, பைண்டு பிரிந்த புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினவன் நான். சோழன் கடல் கடந்ததைப் பள்ளிக்கூடம் ஒரு வரியில் முடித்துவிட்டது. அலையும் பாய்மரமுமாக அதைக் காட்டியவர்கள் இவர்கள்தாம்.

ஆனால் எதற்காகக் கடந்தான்?

1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய ஸ்ரீவிஜயம் சாமானிய ராஜ்யமல்ல. சீனத்துக்குப் போகிற கப்பல்கள் நுழையும் மலாக்கா ஜலசந்தி அதன் கைக்குள் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, பிடிபட்ட ஊர்களை வரிசையாகச் சொல்கிறது: பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம், கடைசியில் கடாரம். காரணம் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஜெயித்தவனுக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை. நாவலாசிரியனுக்கு வேண்டுமே! நம்மவர்கள் வாளையும் காதலையும் எடுத்துக்கொண்டார்கள். குலோத்துங்கன் காலத்துக் கதையான 'கடல் புறா'விலும் கடாரம் என்றதும் முதலில் நினைவுக்கு வருகிறவள் இளவரசி காஞ்சனாதேவிதான். விறுவிறுப்புக்குக் குறைவில்லை, குறை சொல்லவும் மனம் வரவில்லை. இருந்தாலும் அதைவிடப் பெரிய கதை ஆனைமங்கலத்தில் கிடக்கிறது.

ஸ்ரீவிஜயத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுந்தது. ராஜராஜன் தன் 21-ம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தை விட்டுக்கொடுத்தான். பெண் யானையை நடத்தி எல்லை குறித்தார்கள். வருஷத்துக்கு 8,943 கலமும் சொச்சமும் நெல் என்று கணக்கு. 'பொன்னியின் செல்வ'னில் காய்ச்சலாகக் கிடந்த இளவரசன் அந்த விகாரத்தில்தான் பிழைத்தெழுகிறான். விகாரம் எழுந்த காலத்தைக் கல்கி கொஞ்சம் முன்னே தள்ளிவிட்டார், போகட்டும். அதைப் படித்தவனுக்கு ஆனைமங்கலம் நன்றிக்கடனாகவே தோன்றும். அழகான கற்பனைதான். ஆனால் ராஜராஜன் காலமான பிறகு அந்தத் தானத்தைச் செப்பேட்டில் நிலைக்கச் செய்தவன் யார்? ராஜேந்திரன். பிற்பாடு கடாரத்து அரசனைப் பிடித்த அதே ராஜேந்திரன்!

தானத்துக்கும் தாக்குதலுக்கும் நடுவே பத்தொன்பது வருஷம். சிநேகிதம் எந்த இடத்தில் கசந்தது? 1015-ல் சீன தர்பாருக்குச் சோழத் தூது போயிற்று. சரக்கிலும் சுங்கத்திலும்தான் வினை முளைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பத்தொன்பது வருஷத்தை ஒரு நாவல்கூட நின்று பார்க்கவில்லை. கடாரத்தான் சிறைப்பட்ட சேதி வந்த அன்று, அவன் குலத்தின் பெயர் சொல்லும் விகாரத்தில் பிக்குகள் மாலை விளக்கு ஏற்றியிருப்பார்கள். ஆனைமங்கலத்துக் குடியானவன் வழக்கம்போல அவர்களுக்கு நெல் அளந்திருப்பான். யாருக்காக அளக்கிறோம் என்று அவன் ஒரு கணம் மரக்காலை நிறுத்தினானா?

நானும் ஒரு காலத்தில் ராஜேந்திரனைப் பற்றி நாவல் ஆரம்பித்தேன். எட்டு அத்தியாயம் ஓடிற்று. படை இறங்கும் அத்தியாயத்தைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏண்டா, நாகப்பட்டினத்தை டச்சுக்காரன் பிடிச்சான்னு படிச்சா உனக்கு வயிறு எரியறதோல்லியோ?"

"எரியத்தான் எரியறது, பெரியப்பா."

"அப்போ இந்தக் கடாரத்துக்காரன் ஏன் ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டேங்கறான்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஒன்பதாம் அத்தியாயம் எழுதவும் இல்லை. 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்தவர்கள் டச்சுக்காரர்கள். ஆனைமங்கலச் செப்பேடுகளும் ஹாலந்துக்குப் போய், 'லெய்டன் செப்பேடு' என்று ஊர் மாறிப் பேர் எடுத்தன. விகாரத்தில் மிஞ்சியிருந்த கோபுரம் 1867-ல் இடிபட்டது. இதையெல்லாம் சொல்லும்போது நமக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. கடாரத்தைச் சொல்லும்போது மட்டும் மீசை முறுக்குகிறோம்.

படையெடுப்போடு கதை முடிந்துவிடவும் இல்லை. 1090-ல் கடாரத்து அரசனின் தூதர்கள் இரண்டு பேர், ராஜவித்யாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும், குலோத்துங்கனிடம் வந்தார்கள். விகாரத்துக் கிராமங்களின் வரியைத் தள்ளிச் சாசனம் செய்துதர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவனும் செய்துகொடுத்தான். பாட்டன் காலத்து அடியை மனத்தில் வைத்துக்கொண்டு, சோழன் எதிரே நின்று, வரி விஷயம் பேசின அந்த இரண்டு பேரும் திரும்பிப் போகிற கப்பலில் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொண்டார்கள்? அதை யாராவது எழுதினால், என் தலைமாட்டில் இன்னும் இடம் இருக்கிறது.