ஆடுகளமும் பேசுகளமும்

விளையாட்டு என்பது ஆடி முடிந்ததும் முடிந்துவிடும் ஒன்றன்று. ஆட்டத்தைப் பற்றிய பேச்சும் ஆட்டத்தின் ஒரு கூறே ஆகும். கண்டி நித்தவலை மைதானத்தில் றக்பி ஆட்டம் பார்த்துக் கலையும் கூட்டம், நகரை வந்தடைவதற்குள் அவ்வாட்டத்தைப் பேச்சிலே மீண்டும் ஒருமுறை ஆடி முடித்துவிடுகின்றது. நடுவர் தவறிழைத்தார் என்பார் ஒருவர். அணித் தெரிவே பிழை என்பார் மற்றொருவர். கொடுத்த காசுக்கு ஆட்டம் தகாது என்பார் வேறொருவர். இப்பேச்சு வீதியிலும் தேநீர்க்கடையிலும் பேருந்திலும் நிகழ்கின்றது. மைதானத்தை நடத்துவோருக்கு இதன்மீது எவ்வித அதிகாரமும் இல்லை. ஆடுகளத்துக்கு உரிமையாளர் உண்டு, பேசுகளமோ பொதுவானது. இவ்விரண்டும் வேறுவேறாக இருந்தமையினாலேயே விளையாட்டுப் பற்றிய விமர்சனம் தடையின்றி வளர்ந்தது எனலாம்.

கணினி விளையாட்டு இந்நிலையை மாற்றியமைத்துள்ளது. வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டீம் என்னும் விற்பனைத் தளம் இதற்குத் தக்க சான்றாகும். அங்கு விளையாட்டு விற்கப்படுகின்றது. வாங்கியவர் அதன் வழியாகவே ஆடுகின்றார். ஆடியதைப் பற்றி ஏனைய ஆட்டக்காரருடன் உரையாடுவதும் அங்கேயேதான். கடையும் மைதானமும் தேநீர்க்கடையும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன. இது வசதியே. ஆயின் ஒவ்வொரு விளையாட்டுக்கும் உரிய உரையாடற்களத்தை அன்றாடம் கண்காணிக்கும் அதிகாரம், அவ்விளையாட்டை ஆக்கி விற்கும் நிறுவனத்திடமே ஒப்படைக்கப்படலாம் என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. அந்நிறுவனம் ஒரு பதிவை நீக்கலாம். ஓர் உரையாடலை மூடலாம். ஒருவரை அக்களத்திலிருந்து விலக்கியும் வைக்கலாம். விலக்கப்பட்டவர் தாம் வாங்கிய விளையாட்டைத் தொடர்ந்து ஆடலாம். அதைப் பற்றி அக்களத்திலே பேச மட்டும் முடியாது. பேசப்படும் பொருளுக்கு உரியவரே பேச்சுக்கும் நடுவராகின்றார்.

இவ்வதிகாரம் எவ்வாறு கையாளப்படக்கூடும் என்பதைச் சில நிகழ்ச்சிகள் காட்டும். 2012 டிசம்பரில் 'தி வார் இசட்' என்னும் விளையாட்டு ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. விற்பனைப் பக்கத்திற் கூறப்பட்ட அம்சங்கள் சில விளையாட்டில் இல்லை என்பதை வாங்கியோர் கண்டனர். அதனை எடுத்துச் சொன்ன பதிவுகள் நீக்கப்படுவதாகவும், எழுதியவர்கள் விலக்கப்படுவதாகவும் முறைப்பாடுகள் எழுந்தன. ஓரிரு நாளிலேயே வால்வ் நிறுவனம் அவ்விளையாட்டின் விற்பனையை இடைநிறுத்தி, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2013இல் வைல்ட் கேம்ஸ் ஸ்டூடியோ என்னும் நிறுவனம், தன் விளையாட்டைக் கண்டித்த ஜோன் பெய்ன் என்னும் விமர்சகரின் காணொளியைப் பதிப்புரிமை கோரி நீக்கச் செய்தது. கண்டனம் வலுத்தபின் கோரிக்கையைக் கைவிட்டது. 2016இல் டிஜிட்டல் ஹோமிசைட் என்னும் நிறுவனம் ஒருபடி மேலே சென்று, பெயரறியாத ஸ்டீம் பயனாளர் 100 பேர்மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வால்வ் அந்நிறுவனத்தின் விளையாட்டுகளைத் தன் தளத்திலிருந்து அகற்றியது, வழக்கும் நிலைக்கவில்லை. 2024 மே மாதத்தில் 'மார்வல் ரைவல்ஸ்' விளையாட்டின் முன்னோட்டத்தை ஆடிக்காட்ட விரும்பிய காணொளியாளர்கள், அதனை இழித்துரைப்பதில்லை என்ற ஒப்பந்தத்தில் ஒப்பமிட வேண்டியிருந்தது. விடயம் வெளியானதும் நெட்ஈஸ் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

இந்நிகழ்ச்சிகளிடையே ஒரு படிமுறை தெரிகின்றது. பேச்சை நீக்குதல் முதற்படி. பேசியவரைத் தண்டித்தல் அடுத்தபடி. பேசுமுன்னரே வாயைக் கட்டுதல் இறுதிப்படி. இவை யாவும் வெளியுலகின் கண்ணிற் பட்டபோது நிறுவனங்களே பின்வாங்க நேர்ந்தது என்பதையும் மறத்தலாகாது. கண்ணிற் படாத சிறு நீக்கங்கள் எத்தனை என்பதற்குக் கணக்கேதும் இல்லை.

நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. நான்கைந்து பேர் சேர்ந்து பல ஆண்டு உழைத்து ஆக்கிய விளையாட்டைப் பற்றிப் பேசவந்தோர், ஆக்கியவரின் குடும்பத்தை ஏசுவதும் உயிருக்கு அச்சுறுத்தல் விடுப்பதும் நடவாதவை அல்ல. காவலற்ற களத்தில் உரத்த குரலே எஞ்சும். நிதானமாகப் பேச விரும்புவோர் ஒதுங்கிவிடுவர். ஆகவே எதனையும் நீக்கலாகாது என்ற வாதம் நடைமுறைக்கு ஒவ்வாதது.

இவ்வுண்மையைக் கண்டிப் பிரதேசத்தவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, அவ்வன்முறையைத் தூண்டிய சிங்கள மொழிப் பதிவுகள் முகநூலிற் பரவின. முறையிட்டோரின் குரல் உரிய காலத்திற் கேட்கப்படவில்லை. சிங்களம் அறிந்த கண்காணிப்பாளர் போதியளவு இருக்கவில்லை. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம், தன் தளம் இவ்வாறு பயன்படுத்தப்பட்டமைக்கு மன்னிப்புக் கோரியது. காவலன் உறங்கினால் விளையும் கேடு யாதென்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

எனினும் இதே மலைநாடு எதிர்மறையான மற்றோர் அனுபவத்தையும் அறியும். குடியேற்றவாத ஆட்சிக்காலத்தில் தேயிலைத் தோட்டத்தின் நிலமும் பாதையும் லயமும் தோட்டத்துரையின் கட்டுப்பாட்டில் இருந்தன. தொழிலாளர் கூடிப் பேசுவதற்குத் துரையின் நிலமன்றி வேறு நிலம் அங்கு இல்லை. வெளியிலிருந்து வருவோர் அத்துமீறி நுழைந்தோராகக் கருதப்பட்டனர். இதனாலேயே கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குள் செல்ல நேர்ந்தது. மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்திற் பயிற்சிபெற வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்னும் வெள்ளை இளைஞர், தொழிலாளர் பக்கம் சாய்ந்தமையால் வேலையை இழந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடைபெற்ற கூட்டத்தில் அவர் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அவரை நாடு கடத்துமாறு தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். அக்கட்டளை சட்டப்படி செல்லாது என உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே தீர்ப்பளித்தது.

தோட்டத் தொழிலாளியின் வாழ்வையும் ஆட்டக்காரரின் பொழுதுபோக்கையும் ஒரு தராசில் இடுதல் நேர்மையாகாது. ஒருவருக்கு அது கூலியும் குடியிருப்பும் உயிரும் சார்ந்தது. ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானதை நினைவுகூர்வோர் இவ்வேறுபாட்டை மறவார். ஒப்புமை துன்பத்தில் அன்று, அமைப்பிலேயே உள்ளது. பிரேஸ்கேடில் பேசிய மேடை தோட்டத்துக்குள் அன்றி நாவலப்பிட்டி நகரில் அமைந்தது என்பதே இங்கு கருதத்தக்கது. நிலம் யாருடையதோ அவரே அந்நிலத்தில் நிகழும் பேச்சை அளப்பவராகும்போது, அவரைப் பற்றிய உண்மையைப் பேச அவரது எல்லைக்கு வெளியே ஓரிடம் தேவைப்படுகின்றது.

அவ்வாறாயின் ஆட்டக்காரரும் வெளியே சென்று பேசலாமே என்ற வினா எழலாம். பேசலாம், பேசியும் வருகின்றனர். ஆயின் புதிதாக ஒரு விளையாட்டை வாங்க வருபவர் முதலில் வந்தடையும் இடம் விற்பனைத் தளத்திலுள்ள களமே ஆகும். குறைகள் யாவும் வெளியேற்றப்பட்டு நிறைகள் மட்டும் எஞ்சிய களம் அவருக்கு உரையாடலாகத் தோன்றும். உண்மையில் அது விளம்பரமே. பேசியவரின் உரிமை மட்டுமன்றிக் கேட்பவரின் உரிமையும் இதனாற் பறிபோகின்றது. 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்துக்கு முழுவதும் சொந்தமான அலபாமா மாநிலச் சிற்றூர் ஒன்றில் துண்டுப்பிரசுரம் வழங்கிய பெண்ணைத் தண்டித்தது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. சொத்துரிமை ஊரார் யாவரும் நடமாடும் வீதியிற் பேச்சுரிமையை விழுங்கிவிட இயலாது என்பதே அதன் சாரம். இணையத் தளங்களுக்கு இக்கொள்கையை விரித்துரைக்க அந்நாட்டு நீதிமன்றங்கள் பிற்காலத்தில் முன்வரவில்லை. சட்டம் தயங்கும் இடத்திலே விமர்சனத்தின் கடமை தொடங்குகின்றது.

இதற்கு ஒரு விடை ஸ்டீம் தளத்துக்குள்ளேயே கிடக்கின்றது என்பது வியப்புக்குரியது. அங்கு உரையாடற்களம் ஒருபுறமிருக்க, வாங்கியோர் எழுதும் மதிப்புரைப் பகுதி ஒன்றும் 2013 முதல் உள்ளது. மதிப்புரையை நீக்க ஆக்க நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை. தகாதது எனக் கருதினால் தள நிர்வாகத்திடம் முறையிடலாம், பதில் எழுதலாம், அவ்வளவே. இவ்வேறுபாட்டின் பயன் 2024 மே மாதத்தில் வெளிப்பட்டது. 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டைக் கணினியில் ஆடுவோர் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் வலையமைப்பிலும் கணக்குத் தொடங்க வேண்டும் என அறிவிக்கப்பட்டது. அச்சேவை வழங்கப்படாத 170க்கு மேற்பட்ட நாடுகளில் விளையாட்டின் விற்பனை நிறுத்தப்பட்டது. இலங்கையும் அவற்றுள் ஒன்று. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட எதிர்மறை மதிப்புரைகள் சில நாட்களிற் குவிந்தன. சோனி தன் அறிவிப்பை மீளப் பெற்றது. கண்டியிலிருந்து அவ்விளையாட்டை வாங்கியவருக்கு முறையிடக் கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. தொலைநாட்டு ஆட்டக்காரரோடு சேர்ந்து அவர் எழுதக்கூடிய நாலு வரியே அவருக்குள்ள வலிமை. அந்த நாலு வரியை நீக்கும் அதிகாரம் விற்றவரிடம் இருந்திருப்பின் முடிவு வேறாகியிருக்கக் கூடும்.

மதிப்புரை முறையிலும் குறையுண்டு. கூட்டமாகச் சேர்ந்து காரணமின்றி ஒரு விளையாட்டை வீழ்த்த முனைவோரும் உளர். ஆயினும் அக்குறையை மதிப்பிடுபவர் வழக்கில் ஒரு தரப்பினராக இல்லை என்பதே அம்முறையின் சிறப்பு. தளத்தை நடத்தும் நிறுவனமும் விற்பனையிற் பங்கு பெறுகின்றதாதலால் அதனை முற்றிலும் நடுநிலையானது எனல் இயலாது. ஆனால் ஒரு விளையாட்டின் பெயரைக் காப்பதைவிட, வாங்குவோரின் நம்பிக்கையைக் காப்பது அதற்கு முதன்மையானது. மேலே கண்ட 2012, 2016 நிகழ்ச்சிகள் இதனை உறுதிப்படுத்தும்.

ஆகவே வினா, நீக்கலாமா நீக்கலாகாதா என்பதன்று. நீக்குபவர் யார், அந்நீக்கம் யாரைக் காக்கின்றது என்பனவே உண்மையான வினாக்கள். 2018இல் திகனையில் நீக்கப்படாதிருந்த பதிவுகளை நீக்கியிருப்பின், அது வலிமையற்றோரைக் காத்திருக்கும். விளையாட்டின் குறையைச் சொன்ன பதிவை நீக்குவது விற்பவரை மட்டுமே காக்கும். முன்னையது காவல், பின்னையது ஒளிப்பு. இரண்டையும் 'ஒழுங்கு' என்னும் ஒரே சொல்லால் அழைப்பதிலேயே ஏமாற்றுத் தொடங்குகின்றது. வசையையும் அச்சுறுத்தலையும் அகற்றும் பொறுப்பு ஆக்க நிறுவனத்திடமிருந்து பிரிக்கப்பட்டுத் தள நிர்வாகத்திடம் சேரவேண்டும். விலக்கப்பட்டவருக்குக் காரணம் கூறப்படவேண்டும். அவர் மறுமுறையீடு செய்ய வழி இருக்கவேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. தவறிழைத்தவன் என்று குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் கூடாது என்ற பழைய நெறியின் புதிய வடிவமே இது.

நித்தவலையில் தோற்ற அணியின் தலைவர், வீதியிற் செல்லும் இரசிகரின் வாயைப் பொத்த முயல்வதில்லை. அடுத்த ஆட்டத்தை நன்றாக ஆடுவதே அவருக்குள்ள ஒரே மறுமொழி. விளையாட்டை ஆக்குவோருக்கும் அதனைவிடச் சிறந்த மறுமொழி ஒன்று இல்லை.