நான்கு சகோதரிகளும் ஒரு கணக்கு நோட்டும்

பள்ளி நாளில் ‘லிட்டில் விமன்’ படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜோ தலைமுடியை வெட்டி விற்றது, பெத் இறந்துபோனது, பக்கத்து வீட்டு லாரியின் காதலை ஜோ மறுத்தது ஆகிய மூன்றும் உடனே நினைவுக்கு வரும். படிக்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம். அப்பா போர்முனையில் படைக்குப் பாதிரியார். நியூ இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் அம்மாவின் நிழலில் வளர்கிறார்கள் மெக், ஜோ, பெத், ஏமி என்ற நான்கு சகோதரிகள். எழுதியவர் லூயிசா மே ஆல்காட்.

இந்த நாவலை இரண்டாம் முறை படிக்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கையில் பென்சில் வைத்துக்கொண்டு, பணம் பற்றிய பேச்சு வரும் இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். குடும்பப் பாசக் கதை என்று நினைத்த புத்தகம் வரவு செலவுக் கணக்காலும் நிறைந்திருப்பது அப்போது தெரியும். சிறு வயதில் நாம் அதைக் கவனித்திருக்க மாட்டோம். அந்த வயதில் வீட்டுக் கணக்கு நம் கையில் இல்லையே!

நாவல் தொடங்குவதே பணமில்லாத கிறிஸ்துமஸில்தான். ஆளுக்கு ஒரு டாலர் இருக்கிறது. அதைத் தமக்கே செலவழிக்க நினைத்த நால்வரும் பிறகு மனம் மாறி அம்மாவுக்குப் பரிசு வாங்குகிறார்கள். இங்கே கடைக்குட்டி ஏமியைக் கவனியுங்கள். சின்ன வாசனைத் திரவியப் புட்டி ஒன்றை வாங்கி, மிச்சக் காசில் படம் வரையப் பென்சில் வாங்கலாம் என்பது அவள் திட்டம். கிறிஸ்துமஸ் காலையில் யாருக்கும் தெரியாமல் கடைக்கு ஓடி, சின்னப் புட்டியைக் கொடுத்துப் பெரிய புட்டியாக மாற்றிக்கொண்டு வருகிறாள். கையிலிருந்த காசு முழுக்கத் தீர்ந்துவிடுகிறது. முதல் வாசிப்பில் சுயநலக்காரி என்று நாம் முத்திரை குத்திய பெண் இவள்தான்.

தந்தி வந்ததும் அம்மா வாஷிங்டன் போக வேண்டும். அப்பா அங்கே மருத்துவமனையில் கிடக்கிறார். மார்ச் அத்தையிடம் கடன் கேட்டுக் கடிதம் போகிறது. ஜோ 25 டாலரைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைக்கிறாள். அது தலைமுடி விற்ற பணம். இந்தக் காட்சியைத் தியாகமாகவே படித்துப் பழகிவிட்டோம். கடனுக்காக அத்தையின் முன் கைகட்டி நிற்பதைவிட முடி போவது மேல் என்ற ரோஷமும் அதில் இருக்கிறது.

பின்னால் ஜோ எழுத ஆரம்பிக்கிறாள். பத்திரிகைப் போட்டிக் கதை ஒன்றுக்கு 100 டாலர் பரிசு. வீடே கொண்டாடுகிறது. அப்பா மட்டும் இதைவிட நன்றாக எழுத உன்னால் முடியும், உயர்ந்ததைக் குறிவை, பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்கிற தொனியில் பேசுகிறார். பணம்தானே இதில் நல்ல விஷயம் என்று ஏமி பட்டென்று சொல்கிறாள். ஒரு நண்பருக்கு உதவப் போய்ச் சொத்தைத் தொலைத்தவர் அந்த அப்பா. இந்த இடத்தில் ஆல்காட் உதட்டோரம் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. அந்த நூறு டாலரில்தான் அம்மாவும் உடல்நலம் குன்றிய பெத்தும் கடற்கரைக்குப் போய்வருகிறார்கள். அடுத்தடுத்த கதைகளில் ஒன்று கறிக்கடை பாக்கியை அடைக்கிறது, இன்னொன்று தரைவிரிப்பாகிறது. எந்தக் கதை எந்தச் செலவுக்குப் போனது என்று தலைப்போடு சொல்லும் அந்தப் பத்தியை விட்டுவிடாதீர்கள்.

இவையெல்லாம் ஆல்காட் வாழ்ந்து பார்த்தவை. அவருடைய தந்தை பிரான்சன் ஆல்காட் பெரிய சிந்தனையாளர், எமர்சனின் நண்பர். சம்பாத்தியம் மட்டும் வராது. 1843-ல் ஃப்ரூட்லேண்ட்ஸ் என்ற இலட்சியப் பண்ணைக் குடியிருப்பைத் தொடங்கினார். பனிக்காலம் வந்ததும் அது கலைந்தது. தொடங்கியபோது லூயிசாவுக்குப் பத்து வயது. தையல் வேலை, வீட்டு வேலை, பாடம் சொல்லிக்கொடுப்பது, போர்க்கால மருத்துவமனையில் நர்ஸ் வேலை என்று எல்லாம் செய்தவர், ஏ. எம். பார்னார்ட் என்ற புனைபெயரில் திகில் கதைகளும் எழுதினார். பெண் பிள்ளைகளுக்கு ஒரு கதை வேண்டும் என்று பாஸ்டன் பதிப்பாளர் தாமஸ் நைல்ஸ் கேட்டபோது அவருக்கு அதில் ஆசையே இல்லை. கான்கார்டில் இருந்த ஆர்ச்சர்ட் ஹவுஸில் உட்கார்ந்து எழுதினார். முதல் பகுதி 1868-ல் வந்தது. மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு போகாமல் காப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். குடும்பக் கடன் அடைந்தது அதனால்தான்.

கோடு போட்டுக்கொண்டே போகும்போது எட்டாம் அத்தியாயத்தில் நின்று படியுங்கள். ஜோவின் கையெழுத்துப் பிரதியை ஏமி எரித்து, பிறகு பனிக்கட்டி உடைந்து ஆற்றில் விழுந்து பிழைத்த இரவு அது. தன் கோபத்தை நினைத்து அழும் ஜோவிடம், தானும் அநேகமாகத் தினமும் கோபப்படுகிறவள்தான் என்கிறார் அம்மா. நாற்பது வருடமாக அதை அடக்கத்தான் பழகியிருக்கிறாராம். சாந்தத்தின் உருவம் என்று நாம் நினைத்த அம்மா! எதன் மீது கோபம் என்று அவர் விளக்கவில்லை. இதுவரை நீங்கள் போட்ட கோடுகளைத் திரும்பிப் பாருங்கள், கொஞ்சம் ஊகிக்கலாம். 1868 பதிப்பில் இந்த அம்மா பருமனான, அப்படியொன்றும் அழகில்லாத பெண்மணி. 1880-ல் திருத்திய பதிப்பில் உயரமும் கம்பீரமும் வந்துவிட்டன. சகோதரிகளின் கொச்சைப் பேச்சும் மெருகேறிவிட்டது. கிடைத்தால் பழையதையே படியுங்கள் என்பேன்.

இன்னொரு சின்னப் பரிசோதனை. 23-ஆம் அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடி ஒரு மாதமாவது வையுங்கள். முதல் பகுதி அங்கேதான் முடிந்தது. இரண்டாம் பகுதி 1869-ல்தான் வந்தது. இடையில் வாசகிகள், யாருக்கு யாரோடு கல்யாணம் என்று கேட்டுக் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். அந்தக் காத்திருப்பை நீங்களும் அனுபவித்தால்தான், யாரையும் திருப்திப்படுத்த ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று ஆல்காட் பிடித்த பிடிவாதத்தின் ருசி தெரியும்.

இரண்டாம் பகுதி தொய்வானது, ஒளிப்பானேன். மெக்கின் குடித்தன உபதேசங்களை வேகமாகத் தாண்டலாம். ஆனால் 50 டாலருக்குப் பட்டுத்துணி எடுத்துவிட்டு அவள் கணவனிடம் திணறும் இடம் இன்றைக்கும் சுடும். அவன் திட்டவில்லை. தனக்குச் சொல்லிவைத்திருந்த குளிர்கோட்டை வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறான், அவ்வளவுதான்.

நம் கணக்கில் அநேகமாக வராதவள் பெத். அவள் சம்பாதிக்கவும் இல்லை, எதற்கும் ஆசைப்பட்டுச் செலவழிக்கவும் இல்லை. அவளுக்கு வரும் ஒரே பெரிய சொத்து பக்கத்து வீட்டுத் தாத்தா அனுப்பும் பியானோ. பெத்துக்கு முன்மாதிரியான ஆல்காட்டின் தங்கை எலிசபெத் 1858-ல், 22 வயதில் இறந்தவர். அவருக்கு மட்டும் நாவலில் பெயர்கூட மாறவில்லை.

பேயர் என்ற பேராசிரியரை ஜோ மணப்பது ஏமாற்றம் என்பவர்கள் அந்த மழைக் காட்சியைத் திரும்பப் படியுங்கள். நடுவயதுக்காரர், கையில் காசில்லை, குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நிற்கிறார். வீட்டுக்கான சம்பாத்தியத்தில் எனக்கும் பங்கு வேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்கிறாள் ஜோ. லாரியின் மாளிகையில் அவளுக்கு அப்படியொரு நிபந்தனை போட இடமே இருந்திருக்காது. எனக்கு இந்த முடிவு சரிதான். கல்யாணமே செய்துகொள்ளாத ஆல்காட் இதை அரைமனதோடு எழுதினார் என்பது வேறு விஷயம்.

கிரேட்டா கெர்விக்கின் 2019 படத்தைப் புத்தகம் முடித்த பிறகு பாருங்கள். பதிப்பாளரிடம் ஜோ ராயல்டி பேரம் பேசும் காட்சி நாவலில் இல்லை. ஆல்காட்டின் வாழ்க்கையிலிருந்து எடுத்தது. பென்சிலோடு படித்தவர்களுக்கு அது இரட்டிப்பாக இனிக்கும்.

சுருக்கப் பதிப்பு மட்டும் வேண்டாம். அதில் கதை மிஞ்சும், கணக்கு போய்விடும். மொத்தம் 47 அத்தியாயங்கள். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் முழு நாவலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.